கத்திக்கு முன்னால்: கழுத்துக் கட்டி, வாசகர் கேள்விகள்

ஊசி குத்திப் பார்த்தால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார்களே?

பயப்பட வேண்டாம். எஃப்.என்.ஏ.சி. (கட்டியில் மெல்லிய ஊசி குத்தி செல்களை எடுத்துப் பார்ப்பது) ஊசி, ரத்தம் எடுக்கும் ஊசியைவிடத் தடிமனானதல்ல. அதன் வழியே பரவுவது அரிதிலும் அரிது.

காதுக்குக் கீழே கட்டி இருக்கிறது. ஆபத்தா?

வயது என்ன, எத்தனை மாதமாக இருக்கிறது, வளர்கிறதா? ஒன்றையும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். பரோடிட் (காதருகே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி) கட்டிகளில் பத்துக்கு எட்டு சாதாரணக் கட்டிதான். ஆனால் வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கண்ணை இறுக மூட முடியாவிட்டாலோ உடனே போங்கள். ஊசிப் பரிசோதனை போதும். கத்தி வைத்து ஒரு துண்டு மட்டும் வெட்டிப் பார்க்கலாம் என்றால் சம்மதிக்காதீர்கள். கட்டியின் உறை உடைந்து செல்கள் சிந்தினால், பல வருடம் கழித்து அங்கங்கே முளைக்கும்.

அப்பாவுக்கு 58 வயது. கழுத்தில் வலியில்லாத கட்டி. சின்ன ஆபரேஷன் செய்து எடுத்து அனுப்பியதில் 'ஸ்க்வாமஸ் செல் கார்சினோமா' என்று வந்திருக்கிறது. இனி என்ன?

இந்தக் கடிதம் ஆள் மாறி ஆள் வந்துகொண்டே இருக்கிறது. கழுத்தில் தெரிவது பெரும்பாலும் நெறிக்கட்டி. இந்தப் புற்றுநோய் தொடங்கிய இடம் வாயிலோ தொண்டையிலோ இருக்கும். அதைத் தேடாமல் கழுத்தை ஏன் வெட்ட வேண்டும்? இப்படித் தையலோடு வந்த ஒருவருக்கு, கையுறை போட்டு நாக்கின் அடிப்பகுதியைத் தடவினேன். சுண்டுவிரல் நுனி அளவில் கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதுவரை அவர் வாய்க்குள் யாரும் விரல் விடவில்லை! வெட்டிய இடத்தில் தழும்பு ஏறி அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். அடுத்து செய்யும் பெரிய அறுவையில் அந்தத் தழும்பையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும். முதலில் கண், அப்புறம் விரல், எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், ஊசி. கத்தி கடைசியில்தான்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. பாரஃபின் பிளாக்கையும் (எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டி) ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள்; அதிலேயே பி16 பரிசோதனை (எச்.பி.வி. வைரஸால் வந்ததா என்று காட்டுவது) செய்யலாம். டான்சில், நாக்கின் அடி, மூக்கின் பின்புறம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பெட் ஸ்கேன் (புற்றுநோய் உள்ள இடம் ஒளிர்ந்து தெரியும் ஸ்கேன்) எடுப்பதானால், தொண்டையில் பயாப்ஸி (சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்யும் முன்பே எடுங்கள். பிறகு எடுத்தால் பயாப்ஸி காயமும் சேர்ந்து ஒளிரும்.

துடிக்கிற கட்டிக்கு ஊசி போடலாமா?

கூடாது. முதலில் ஸ்கேன். இடம் வலமாக அசைந்து, மேலும் கீழும் அசையாவிட்டால் கரோட்டிட் பாடி (கழுத்துப் பெரிய ரத்தக்குழாய் பிரியும் இடத்தில் இருக்கும் சிறு உறுப்பு) கட்டியாக இருக்கலாம். அது முழுக்க ரத்தக்குழாய்ப் பின்னல். மூக்கில் ரத்தம் கொட்டும் 15 வயதுப் பையனைப் பற்றி எழுதியவருக்கும் இதே பதில்: அதுவும் ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம், உள்ளே தெரியும் சதையை ஸ்கேனுக்கு முன் யாரும் கிள்ளக் கூடாது.

சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

எலும்புக்கு சி.டி. நாக்கு, நரம்பு, மண்டையோட்டின் அடிப்பகுதிக்கு எம்.ஆர்.ஐ.

தைராய்டு ரிப்போர்ட்டில் 'பெதஸ்டா 4' என்று இருக்கிறது. புற்றுநோயா?

பெதஸ்டா என்பது தைராய்டு ஊசிப் பரிசோதனை முடிவை 1 முதல் 6 வரை பிரிக்கும் முறை. நான்கு என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கலாம். கட்டி தன் உறையைத் துளைத்திருக்கிறதா என்று பார்த்தால்தான் உறுதியாகும். ஊசியில் செல்கள்தான் வரும், உறை வராது. அதனால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பாதியை எடுத்துப் பார்ப்பார்கள்.

வாய்ப்புண் பயாப்ஸியில் 'அழுகிய திசு மட்டும்' என்று வந்திருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

கூடாது. புண்ணின் நடுவில் எடுத்திருப்பார்கள். ஓரத்தில், நல்ல சதையும் சேர்ந்து வரும்படி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இந்த வாரமே.