மலை ஏறுவதை மறுநாளைக்கு வையுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். போன வருஷம் வந்த வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் நிற்கவே முடியவில்லை. ரேஷன் கடை வரிசையில் கொஞ்ச நேரம் நின்றாலே படபடப்பு, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். 'நரம்புத் தளர்ச்சி' என்று சிலர், 'கேஸ்' என்று சிலர். இப்போது சேலத்து டாக்டர் பெங்களூரில் தன்னியக்க நரம்புப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். படபடப்புக்குச் சாப்பிடுகிற ப்ரோப்ரனலால் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்கிறது லேப் கொடுத்த தாள். காப்பியும் கூடாதாம். "காசு கொடுத்து மயக்கம் போடப் போறியா?" என்கிறார் மாமியார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. காலையில் டெஸ்ட்டை முடித்து ராத்திரிக்குள் வீட்டுக்கு வந்து, மறுநாள் வேலைக்குப் போய்விடலாமா? சேலம் அம்மாபேட்டையில் சித்தி வீடு இருக்கிறது, வேண்டுமானால் போகும்போது அங்கே தங்கலாம். நீங்களும் இந்த டெஸ்ட் செய்துகொண்டதாக எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

ம., ஏற்காடு

அன்புள்ள ம.,

போகும்போது மட்டுமில்லை, வரும்போதும் சித்தி வீட்டில் தங்குங்கள். அன்று ராத்திரியே மலை ஏற வேண்டாம், மறுநாள் வேலைக்கும் போக வேண்டாம். டெஸ்ட்டுக்கு எப்படித் தயாராவது என்று கேட்காதவர்கள் இல்லை. அடுத்த நாளைக்கு யாரும் ஏற்பாடு செய்வதில்லை. நாள்பட்ட நோய்க்காரர்களுக்குப் படுத்துத் தேறுகிற நாட்களும் டெஸ்ட் கணக்கில்தான் வரும். லீவு கேட்கும்போதே அவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. ஈசிஜியும் எக்கோவும் உங்களைப் படுக்க வைத்து எடுத்தவை. உங்கள் தொந்தரவோ நின்றால்தான் வருகிறது. எழுந்து நின்றதும் அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். உடனே ரத்தக்குழாய்கள் இறுகி, இதயம் கொஞ்சம் வேகமெடுத்து, மூளைக்குப் போவது குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் நினைக்காமலே இதைச் செய்வது தன்னியக்க நரம்புகள். அவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று தெரிய ஆளை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும். சாய்த்து நிமிர்த்துகிற ஒரு மேஜையில் படுக்க வைத்து, பெல்ட் போட்டு, பக்கத்தில் ஆள் நின்று, நாடியும் பிரஷரும் திரையில் ஓட ஓடப் பார்க்கிறார்கள். மயக்கம் வந்தால் மேஜையைக் கிடையாக இறக்கிவிடுவார்கள், பெரும்பாலும் சீக்கிரமே தெளிந்துவிடும். ரேஷன் கடைச் சிமெண்ட் தரையில் விழுவதற்கு இது எவ்வளவோ மேல். முடிந்தால் மாமியாரையே துணைக்குக் கூட்டிப் போங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. உள்ளே விடாவிட்டாலும், வெளியே வரும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று வீட்டில் ஒருவராவது பார்க்க வேண்டும்.

மேஜைக்கு முன்னால் சின்னச் சின்னச் சோதனைகள் இருக்கும். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக இழுத்து விடச் சொல்வார்கள். ஒரு குழாயில் ஊதி, பிரஷர் முள்ளை 40-இல் 15 நொடி நிறுத்தச் சொல்வார்கள். இது கேட்பதற்கு லேசு, பத்தாவது நொடியில் கன்னம் வலிக்கும். சில இடங்களில் கையை ஐஸ் தண்ணீரில் வைப்பதும், வியர்வைச் சோதனையும் உண்டு. அப்புறம்தான் சாய்வு மேஜை. கொஞ்ச நேரம் அசையாமல் படுக்க வைத்துவிட்டு, 60 முதல் 70 டிகிரி வரை நிமிர்த்துவார்கள். எவ்வளவு நேரம் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

அந்த மேஜையில் ஒரு விஷயம் முக்கியம். நின்றால் தலைசுற்றுகிறவர்கள் எல்லோரும் நமக்கே தெரியாமல் சில வித்தைகள் கற்று வைத்திருப்போம். ஒரு காலைத் தூக்கி மறுகாலில் நிற்பது, காலைப் பின்னிக்கொள்வது, கெண்டைக்காலை இறுக்கி இறுக்கி விடுவது. கெண்டைக்கால் சதை இறுகினால் கீழே தேங்கிய ரத்தம் மேலே ஏறும், கிறுகிறுப்பு அடங்கும். மேஜையில் அதைச் செய்துவிட்டால் டெஸ்ட் உங்களைப் பற்றி எதையும் சொல்லாது. கால் பலகையில் பாதத்தை வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். தைரியசாலியாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். குமட்டல், காது அடைப்பு, கை சில்லிடுவது, எது வந்தாலும் வந்த அந்த நேரத்திலேயே சொல்லுங்கள். எந்த எண்ணில் எந்தத் தொந்தரவு வந்தது என்பதுதான் டாக்டருக்கு வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். லேப் கொடுத்த தாளைப் பார்த்து நீங்களாக நிறுத்தாதீர்கள். ப்ரோப்ரனலாலைத் திடீரென்று விட்டால் படபடப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பலாம், சிலருக்கு ஆபத்தும் உண்டு. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் தாளைக் காட்டி, எப்போது, எப்படிக் குறைப்பது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேளுங்கள். மாத்திரை இல்லாத அந்த நாட்களும் சுகமாக இருக்காது, லீவுக் கணக்கில் அவையும் வரட்டும். சளி மாத்திரை, தூக்க மாத்திரை, லேகியம் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி லேபுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏற்காட்டுக்காரர்கள் மறக்கக்கூடியது ஒன்று உண்டு: மலைப் பஸ்ஸுக்காகப் போட்டுக்கொள்கிற வாந்தி மாத்திரை. அந்த வகையில் பல மாத்திரைகள் இந்த டெஸ்ட்டைக் குழப்பக்கூடியவை. டெஸ்ட் நெருங்கும்போது அதைப் போட்டுக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்காதீர்கள். இரண்டு நாள் முன்னதாகவே இறங்கி, சித்தி வீட்டில் இருந்துவிட்டு பெங்களூர் போனால் அந்தத் தொல்லையே இல்லை.

காப்பி! 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பி நட்டதிலிருந்து உங்கள் ஊரே அதில்தான் ஓடுகிறது, உங்களிடம் போய்க் காப்பி கூடாது என்கிறார்கள். முந்தின நாள் சட்டென்று நிறுத்தினால் மண்டையிடி வரும், அதோடு மேஜையில் ஏறுவது கொடுமை. ஒரு வாரமாகவே டம்ளரைச் சின்னதாக்கிக்கொண்டு வாருங்கள். டீயும் கோலாவும் இதே கணக்குத்தான். தலைவலி மாத்திரை சிலவற்றிலும் கஃபீன் இருக்கிறது, அட்டையைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

உப்பும் தண்ணீரும் அதிகம் எடுக்கிறவராக இருந்தால், அன்று என்ன செய்வது என்று லேபில் கேளுங்கள். அரை லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடித்தாலே சிலருக்குப் பிரஷர் ஏறி, முடிவு மாறிவிடும். இறுக்கமான காலுறை வேண்டாம். புடவையைவிடத் தளர்வான சுடிதார் வசதி. கைகாலில் எண்ணெய், க்ரீம் பூசாதீர்கள், ஒட்டுகிற பட்டை பிடிக்காது.

இனி டெஸ்ட் முடிந்த பிறகு. சிலர் எழுந்து நேராக மசால் தோசை சாப்பிடப் போவார்கள். சிலருக்கு அன்று ஒன்றும் தெரியாது, மறுநாளோ அதற்கும் மறுநாளோ ஆள் அப்படியே விழுந்துவிடும். கால் கனம், தலைவலி, படபடப்பு, பேச்சில் வார்த்தை கிடைக்காது. நான் இரண்டாவது ரகம். நீங்கள் எந்த ரகம் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால்தான் சித்தி வீடு. திரும்பும் ரயிலில் பகல் என்றாலும் படுத்து வருகிற மாதிரி கீழ் பெர்த் கிடைக்குமா என்று பாருங்கள். உட்கார்ந்தே நாலைந்து மணி நேரம் வந்து, ஜங்ஷனில் படியும் ஏறுவது வதை.

சித்தி வீட்டில் தரைத்தள அறையாகக் கேளுங்கள். கட்டிலிலிருந்து எழும்போது முதலில் உட்கார்ந்து, கால் விரலை அசைத்து, அப்புறம் நில்லுங்கள். வெந்நீர்க் குளியல் ரத்தக்குழாயை விரித்து இன்னும் கிறுகிறுக்க வைக்கும், வெதுவெதுப்பே போதும். குளியலறையில் ஒரு ப்ளாஸ்டிக் ஸ்டூல். சேலத்து வெயிலில் மத்தியானம் வெளியே தலை காட்டாதீர்கள். உப்பு போட்ட மோரும் கஞ்சியும் கொஞ்சம் கொஞ்சமாக. ஓஆர்எஸ் என்றால் அட்டையில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள், பாதி பாதியாக வேண்டாம். பிரஷரோ சிறுநீரகக் கோளாறோ இருக்கிறவர்கள் இந்த உப்பு யோசனையை டாக்டரிடம் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு உப்பு ஆகும் என்றால் தட்டுவடை செட்டும் உப்புதான், ஆனால் கடை முன்னால் நின்று சாப்பிடாமல் பார்சல் வாங்கி வரச் சொல்லுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திரும்பத் திரும்ப மயக்கம், ஒரு பக்கம் மரத்துப்போவது, விழுந்து தலையில் அடி, இதெல்லாம் ஓய்வெடுத்துப் பார்க்கிற விஷயமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரிப்போர்ட்டில் 'நார்மல்', 'அப்நார்மல்' என்ற ஒரு வார்த்தையோடு திரும்பாதீர்கள், எண்களைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களுக்கு நிமிர்ந்த பத்து நிமிஷத்துக்குள் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 30-க்குக் குறையாமல் கூடி அப்படியே நின்று, பிரஷர் பெரிதாக இறங்காமல், தொந்தரவும் மூன்று மாதமாவது நீடித்திருந்தால் பாட்ஸ் (POTS, நின்றால் நாடி எகிறுகிற கோளாறு) என்பார்கள். 1993-இல்தான் அந்தப் பெயரில் அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள், அதனால் உள்ளூர் டாக்டர் சிலருக்குப் புதிதாக இருந்தால் கோபப்படாதீர்கள். மூன்று நிமிஷத்துக்குள் மேல் பிரஷர் 20-ஓ, கீழ்ப் பிரஷர் 10-ஓ இறங்கினால் அது வேறு கணக்கு, வைத்தியமும் வேறு. எல்லாமே சரியாக இருக்கிறது என்று வந்தாலும் நீங்கள் நடித்தீர்கள் என்று ஆகாது. இந்த நோய் ஒருநாள் போல ஒருநாள் இருக்காது, காரணம் வேறு இடத்திலும் இருக்கலாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அதே சேலத்து டாக்டரிடம் போய், அடுத்து என்ன என்று கேளுங்கள்.

லீவு கடிதத்தில் 'மருத்துவப் பரிசோதனையும் அதன் பின் ஓய்வும்' என்று எழுதுங்கள். 'ஒருநாள் விடுப்பு' என்று எழுதிவிட்டு அப்புறம் ஒவ்வொரு நாளாகப் போன் போட்டு நீட்டுவது, உடம்பு சரியில்லாத நேரத்தில் பெரிய ரோதனை.