சுழலும் பித்தளை இன்செர்ட்: பசை தீர்வாகுமா?

கேள்வி: 3டி பிரிண்டரில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கைக் கொண்டு அச்சிட்ட பெட்டிக்கு மூடி பொருத்துவதற்காக, எம்3 பித்தளை இன்செர்ட்களை (3 மி.மீ. திருகை ஏற்கும், உள்ளே புரியுள்ள சிறு உருளைகள்) சால்டரிங் அயர்னால் சூடேற்றி இறக்கினேன். சில சாய்ந்துவிட்டன; சில, திருகை இறுக்கும்போது துளைக்குள்ளேயே சுழல்கின்றன; ஒன்று கழன்றே வந்துவிட்டது. பசை வைத்து ஒட்டிவிடலாமா?

பதில்: பசை வேண்டாம், அது திருகுபுரிக்குள் இறங்கினால் இன்செர்ட்டே வீணாகிவிடும். இன்செர்ட்டின் வெளிப்புறத்திலுள்ள சாய்வு வரிகளுக்குள்ளும் அவற்றுக்கு இடைப்பட்ட பள்ளத்துக்குள்ளும் உருகிய பிளாஸ்டிக் புகுந்து, ஆறி இறுகுவதால்தான் பிடிமானம் கிடைக்கிறது. வரிகள் அதைச் சுழலவிடுவதில்லை. பள்ளம் மேலெழ விடுவதில்லை. உருகுவதற்கு முன்பே பலங்கொண்டு அழுத்தினாலோ, துளை பெரிதாக இருந்தாலோ, அந்தப் பிடி உண்டாகாது.

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. பலரும் கவனிக்கத் தவறுவது அதைத்தான். 0.4 மி.மீ. நாசிலில் (உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனை) இரண்டு சுற்றுச் சுவர் வைத்து அச்சிட்டால், துளையைச் சுற்றி ஏறத்தாழ 0.8 மி.மீ. பிளாஸ்டிக்தான் இருக்கும், அதற்கு அப்பால் உள்நிரப்பின் (சுவர்களுக்கு நடுவே அச்சாகும் வலைப்பின்னல்) வெற்றிடம். சுவர்களை நான்காகவாவது உயர்த்துங்கள். உள்நிரப்பின் சதவீதத்தைக் கூட்டுவதைவிட இதற்கே பலன் அதிகம். எம்3 என்பது உள்ளே செல்லும் திருகின் அளவு மட்டுமே, வெளிவிட்டம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால், துளையின் அளவை அந்தந்தத் தயாரிப்பாளரின் வரைபடத்திலிருந்தே எடுக்க வேண்டும். துளையின் ஆழம் இன்செர்ட்டின் நீளத்தைவிட 1 மி.மீ.யாவது கூடுதலாக இருக்கட்டும். இல்லையேல் ஒதுங்கும் பிளாஸ்டிக் புரிக்குள் ஏறிவிடும்.

பிஎல்ஏவுக்கு 220 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்கலாம். அயர்னின் எடையே இன்செர்ட்டை இறக்கட்டும். கை அதை நேராகப் பிடித்திருந்தால் போதும். விளிம்பு சற்றே வெளியே தெரியும்போது அயர்னை எடுத்துவிட்டு, சூடு ஆறுமுன் தட்டையான உலோகத் துண்டை அதன்மேல் வைத்து, மட்டம் சேரும்வரை அழுத்தி, ஆறும்வரை அப்படியே பிடித்திருங்கள். சாய்வு அப்போதே நேராகிவிடும்.

கழன்று வந்ததற்கு, மூடியிலுள்ள துளை இன்செர்ட்டைவிட அகலமாக இருந்தது காரணமாயிருக்கலாம்: அப்படியிருந்தால் திருகை இறுக்க இறுக்க, இன்செர்ட் மேல்நோக்கி இழுக்கப்படும். மூடியின் துளையை 3.4 மி.மீ. அளவில் வைத்தால், மூடி பித்தளையின் மீதே படிந்து அதைத் தடுத்துவிடும். சாய்ந்தவற்றை மீண்டும் சூடாக்கி நிமிர்த்தலாம். சுழல்பவற்றை எடுத்துவிட்டு, சுற்றிலும் பிளாஸ்டிக் மிச்சமிருந்தால், வெளிவிட்டம் கூடிய இன்செர்ட்டை இறக்குங்கள். மிச்சமில்லையென்றால் பெட்டியைப் புதிதாக அச்சிடுவதே நல்லது.