கால்சியம் பையைத் தள்ளுவதில்லை: சினாப்ஸ் கேள்வி-பதில்

கே: ஸ்நேர் புரதங்கள் மொத்தம் எத்தனை?

ப: உடல் முழுக்க நிறைய. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, வேதிப்பொருள் நிரம்பிய பையைச் செல் சவ்வோடு இணைப்பவை இவை. சினாப்ஸில், அதாவது ஒரு நரம்பணு அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்லும் சந்திப்பில், முக்கியமானவை மூன்று: பையில் சினாப்டோபிரெவின், செல் சவ்வில் சின்டாக்ஸினும் ஸ்னாப்-25ம்.

கே: ஸ்னாப்-25ம் ஆல்ஃபா-ஸ்னாப்பும் ஒரே குடும்பமா?

ப: இல்லை. பெயரைப் பார்த்து உறவு கொண்டாடாதீர்கள். ஆல்ஃபா-ஸ்னாப், வேலை முடிந்த ஸ்நேர் முறுக்கை என்எஸ்எஃப் புரதத்தோடு சேர்ந்து பிரித்துவிடும். அதற்கு ஏடிபி, அதாவது செல்லின் ஆற்றல் மூலக்கூறு, செலவாகும்.

கே: கால்சியம்தானே பையைத் தள்ளி உடைக்கிறது? அப்படியானால் கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமா?

ப: இரண்டுமே தவறு. அம்புக்குறி போட்ட கால்சியம், அதன் முன்னால் நகரும் பை. இந்தப் படத்தை எங்கே பார்த்தாலும் எனக்குப் பொறுக்காது. கால்சியம் வரும் முன்பே, சுமார் 40 நானோமீட்டர் அகலமுள்ள அந்தப் பை சவ்வை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. மங்க்13 முதலான புரதங்கள் அதைத் தயார்நிலைக்குக் கொண்டுவர, ஸ்நேர்கள் பாதி முறுக்கிக்கொண்ட நிலையில் காத்திருக்கின்றன. கால்சியம் வந்ததை உணர்வது பையில் பதிந்திருக்கும் சினாப்டோடேக்மின் என்ற புரதம். கால்சியத்தைப் பிடித்ததும் அது தன் நுனியைச் சவ்வின் கொழுப்புக்குள் செருகுகிறது. ஒரு மில்லிவிநாடிக்குள் பை திறந்துவிடும். தூரத்திலிருந்து தள்ளிவர நேரம் ஏது?

சினாப்டோடேக்மின்-1 இல்லாத எலிகளின் நரம்பணுக்களைப் பாருங்கள். கால்சியம் வழக்கம்போல உள்ளே வருகிறது, ஆனால் பையிலுள்ள வேதிப்பொருளின் அந்த உடனடி வெளியீடு நடப்பதில்லை. தாமதமாகச் சொட்டுவது மட்டும் மிச்சம். சினாப்டோடேக்மினை விட்டுவிட்டுக் கால்சியத்தைப் பற்றிப் பேசாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரி, மாத்திரை. நரம்பணுவுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே ஏற்கெனவே பத்தாயிரம் மடங்கு கால்சியம் இருக்கிறது. குறைவது கால்சியம் அல்ல, அது உள்ளே வரும் சவ்வுக் கதவு திறக்கும் நேரம். அந்தக் கதவை மின்துடிப்பு திறக்கும், மாத்திரை திறக்காது. மருத்துவரைக் கேட்காமல் விழுங்காதீர்கள்.

கே: போட்டுலினம், டெட்டனஸ் ஆகிய பாக்டீரியா நச்சுகள் இரண்டும் வெளியீட்டைத் தடுக்கின்றன. பிறகு ஏன் ஒன்றில் தளர்ச்சி, இன்னொன்றில் விறைப்பு?

ப: நல்ல கேள்வி. டெட்டனஸ் நச்சும் போட்டுலினம் பி வகையும் சினாப்டோபிரெவினை ஒரே இடத்தில்தான் வெட்டுகின்றன. வெட்டு விழும் சினாப்ஸ்தான் வேறு. போட்டுலினம் தசையை ஒட்டிய நரம்பு முனையிலேயே தங்கி, தசையைச் சுருங்கச் சொல்லும் அசிடைல்கோலினை நிறுத்துகிறது. டெட்டனஸ் நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்கு ஏறி, தசையை அடக்கும் நரம்பணுக்களுக்குள் புகுந்து, அடக்கும் வேதிப்பொருள்களான கிளைசின், காபா இரண்டையும் நிறுத்துகிறது. அடக்க ஆளில்லை, அதனால் விறைப்பு.

கே: புரதம் வேலை செய்யவில்லை என்றால் என்ன ஆகும்? அவசரம்.

ப: எந்தப் புரதம்? எந்த சினாப்ஸ்? இரண்டையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை பதில் இல்லை.

கே: வெளியீடே இல்லாமல் மூளை உருவாகுமா?

ப: முதலில் உருவாகும். வெளியீட்டுக்குத் தேவையான மங்க்18-1 என்ற புரதம் இல்லாத எலிக்கருவில் ஒரு பைகூடத் திறப்பதில்லை. ஆனாலும் நரம்பணுக்கள் சரியான இடத்துக்குப் போய் சினாப்ஸ்களையும் கட்டிவிடுகின்றன. அப்புறம்தான் செல்கள் சாகத் தொடங்குகின்றன.