யாருக்காக வேண்டிக்கொள்கிறோம்?

அன்புள்ள அக்கா,

தென்னாப்பிரிக்காவில் 2021 ஜூலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் அமைதிக்காகக் கூட்டுப் பிரார்த்தனை செய்கிறோம். 'தாயே, எங்களைக் காப்பாற்று' என்று உருகி வேண்டுகிறோம். வெளியே வந்ததும் பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்பான இனாண்டாவின் ஆட்களைப் பற்றி அதே பழைய பேச்சு. இப்படி வேண்டி என்ன பயன்?

ஒரு வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

அன்புள்ள தம்பி,

பயன் உண்டு. ஆனால் உங்கள் வேண்டுதலில் செத்துப்போனவர்கள் யாருமே இல்லையே!

அந்த ஜூலையில், இந்தியர்கள் நிறைந்த நம் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சுற்றிலும் கடைகள் எரிந்தன, போலீஸ் வரவில்லை, நம் ஆட்கள் தெருமுனையில் தடுப்புப் போட்டு விடிய விடியக் காவல் நின்றார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் எந்த வம்புக்கும் போகாமல் அந்த வழியாக வந்தவர்களும் தோல் நிறத்துக்காக நிறுத்தப்பட்டார்கள், அடிபட்டார்கள். சிலர் வீடு திரும்பவே இல்லை. அவர்களுக்கும் அம்மா இருப்பாள் அல்லவா?

1949 ஜனவரியில் டர்பனில் இந்தியக் கடைக்காரர் ஒருவர் ஓர் ஆப்பிரிக்கப் பையனை அடித்ததில் மூண்ட கலவரத்தில் 142 பேர் மாண்டார்கள். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் நம் வீடுகள் எரிந்த கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். மாண்டவர்களில் 50 பேர் இந்தியர்கள், 87 பேர் ஆப்பிரிக்கர்கள் என்பதை வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவரவர் பிணத்தை அவரவர் எண்ணிக்கொண்டோம்.

இனவாரியாகச் சட்டம் போட்டு நம்மைத் தனித்தனியாகக் குடிவைத்தது வெள்ளையர் அரசாங்கம், சரி. அந்தச் சட்டம் 1991-லேயே ஒழிந்துவிட்டது. அதற்கப்புறமும் ஒதுங்கியே இருப்பதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். போரிட்ஜ் பிரேயர் என்றுதான் இங்கே பேச்சு. புளிக்கவைத்த மீலி, அதாவது மக்காச்சோள மாவுக் கூழ். கறுப்பின ஜூலு மக்கள் வீடுகளில் குடிக்கிற மாஹேவும் புளித்த மீலி மாவுதான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தூக்குவாளியோடு கோயில் வாசலில் நிற்கும் ஜூலுப் பெண்களுக்குக் கடைசியில்தான் ஊற்றுவார்கள். நம்மவர்கள் குடித்து முடித்த பிறகு, அண்டாவின் அடியில் கெட்டியாகத் தங்கியதைச் சுரண்டி. அவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள். பணிவு அவர்களிடம் இருந்தது. அண்டாவுக்கு இந்தப் பக்கம் நின்ற நம்மிடம் இல்லை.

அதனால், வரும் வெள்ளிக்கிழமை பூசாரியிடம் பேசுங்கள். நமக்காக வேண்டுவதற்கு முன்னால் அந்த 36 பேருக்காகவும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்காகவும் வேண்டச் சொல்லுங்கள். முடிந்தால் ஆடிக் கூழுக்கு அந்த வீட்டுப் பெண்களை முறையாக அழைத்து, முதல் பந்தியில் உட்காரவையுங்கள். கமிட்டியில் சத்தம் போடுவார்கள். 'நம் கடையைக் கொளுத்தியவனுக்கா கூழ்?' என்று கேட்பார்கள். கொளுத்தியவர்கள் வேறு, செத்தவர்கள் வேறு என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், தேதியை மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா