தேன்பொறி என்றால் என்ன? மோரிஸ் தெஜான் எப்படிச் சிக்கினார்?

காதல் நாடகத்தில் ஒருவரை மாட்டவைத்து, பிறகு அதை வைத்தே அவரைக் கைக்குள் போட்டுக்கொள்ளும் உளவு வேலைக்குத்தான் தேன்பொறி, அதாவது ஹனி ட்ராப், என்று பெயர்.

மோரிஸ் தெஜான் சாதாரண ஆள் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பின்னாளில் பிரெஞ்சு அதிபரான தெ கோலின் வெளியுறவுப் பொறுப்பாளர். 1955 முதல் மாஸ்கோவில் பிரெஞ்சுத் தூதர். சோவியத் உளவு அமைப்பான கேஜிபி அவருக்கு ஒரு நடிகையைப் பழக்கப்படுத்தியது. 1958-ல் இருவரும் தனியாக இருந்தபோது நடிகையின் 'கணவன்' உள்ளே நுழைந்து தூதரை அடித்தான், கோர்ட்டுக்குப் போவேன் என்று கத்தினான். அவனும் கேஜிபி ஏற்பாடுதான். பதறிய தெஜான் உதவி கேட்டு ஓடியது, நண்பராகப் பழகிய ஒரு சோவியத் அதிகாரியிடம். அவர்தான் இந்த நாடகத்தை நடத்திய கேஜிபி தளபதி ஒலெக் கிரிபானோவ், வேறு பெயரில்! வழக்கு 'அமுக்கப்பட்டது'.

ரோட்டில் ஆணியைப் போட்டுவிட்டு, நூறடி தள்ளி பஞ்சர் கடை வைத்திருப்பவனை நினைத்துக்கொள்ளுங்கள். மிரட்டினால் ஆள் தன் அரசிடம் போய்ச் சொல்லிவிடலாம். காப்பாற்றியவனிடமோ நன்றிக்கடன் வளரும்.

கேஜிபி அவசரப்படவில்லை, கடனை உடனே வசூலிக்கவும் இல்லை. ஆனால் இந்த நாடகத்தில் பங்கெடுத்த எழுத்தாளர் யூரி குரோத்கோவ் 1963-ல் லண்டனில் தஞ்சமடைந்து எல்லாவற்றையும் கக்கிவிட்டார். 1964-ல் தெஜானைத் திருப்பி அழைத்தார் தெ கோல். அத்தோடு தூதர் வாழ்க்கை முடிந்தது.

தெஜான் ரகசியங்களை விற்ற துரோகி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை.