ரோமா மக்களும் பழைய இரும்பும்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களில் பலர் பழைய இரும்பு பொறுக்கி விற்கிறார்களே, அது அவர்களுக்குப் பரம்பரைத் தொழிலா?

பதில்: பாதிதான். உலோக வேலை அவர்களோடு வந்தது. கல்தெராஷ் பிரிவின் பெயரே ருமேனிய மொழியில் அண்டாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஊர் ஊராகப் போய்ச் செம்புப் பாத்திரம் செய்தவர்கள். ஆனால் கிழக்கு ஐரோப்பாவில் இத்தனை பேர் காயலான் சரக்குக்கு வந்ததற்கு கம்யூனிச ஆட்சிகள் விழுந்த 1989-க்குப் பிந்தைய வேலையிழப்புதான் பெரிய காரணம். அரசு ஆலைகளில் ஆட்குறைப்பு என்றதும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் இவர்கள். படிப்பு, சிபாரிசு எதுவும் கேட்காத வேலை இதுதான் இருந்தது.

கேள்வி: இவர்கள் நம் நரிக்குறவர்களுக்குச் சொந்தக்காரர்களா?

பதில்: அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. இரண்டு மொழிகளும் இந்தோ-ஆரியக் குடும்பம், அவ்வளவுதான். ரோமா முன்னோர் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து போனவர்கள். இன்றும் அவர்களுக்குத் தண்ணீர் பானி, இரும்பு சஸ்தெர்.

கேள்வி: ஐயோ, குப்பை பொறுக்குவதில் என்ன திறமை இருக்கிறது?

பதில்: செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ஒரு ரோமா பெரியவர் வாஷிங் மெஷினைப் பிரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் உள்ளே எடைக்காக வைத்திருக்கும் கான்கிரீட் கட்டியைக் கழற்றி ஓரமாக உருட்டிவிட்டார். அதை யாரும் வாங்க மாட்டார்கள். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தம். வெளித்தகடு ஒட்டியது: இரும்பு, மலிவு. டிரம் சரியாக ஒட்டவில்லை: எவர்சில்வர், தனிக் குவியல். மோட்டாரை மட்டும் துணியில் சுற்றி வைத்தார். அதற்குள் செம்புக் கம்பி. இரும்பைவிடப் பல மடங்கு விலை போவது அதுதான். இந்தத் திறமை இல்லையென்றால் அந்த மெஷின் அப்படியே குப்பைமேட்டுக்குப் போயிருக்கும்.

கேள்வி: திருட்டுச் சரக்கு என்கிறார்களே?

பதில்: கேபிள் திருட்டு நடக்கிறது, யார் செய்தாலும் குற்றம்தான். அதற்காக ஒரு சமூகத்தையே சந்தேகப்படுவது அநியாயம். திருட்டைத் தடுக்க பிரான்ஸ் 2011-இல் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதைத் தடைசெய்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதையே சொல்கிறது. வங்கிக் கணக்கு இல்லாத ஏழை என்ன செய்வார்? கணக்கு வைத்திருப்பவரிடம் குறைந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

கேள்வி: உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

பதில்: நிறைய. செம்புக்காகக் கேபிளை எரித்தால் பிளாஸ்டிக் உறையிலிருந்து நச்சுப்புகை வரும். பேட்டரி ஈயத்தை உருக்குவது இன்னும் மோசம், குழந்தைகளின் மூளையையே பாதிக்கும். ஆனால் எல்லாம் அவர்கள் தொழிலால் வந்தது என்று நினைக்காதீர்கள். 1999 போருக்குப் பிறகு கொசோவோவின் மித்ரோவிட்சாவில் வீடிழந்த ரோமா குடும்பங்களை ஐநா தங்கவைத்த முகாம்கள் ட்ரெப்சா ஈயச் சுரங்கக் கழிவுகளுக்குப் பக்கத்தில் இருந்தன. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. ஐநாவே அமைத்த ஆலோசனைக் குழு 2016-இல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு ஐநா வருத்தம் தெரிவித்து ஒரு நிதியம் அமைத்தது. பாதிக்கப்பட்டவர் கையில் இழப்பீடு கொடுக்கவில்லை.