நாற்காலி மாறினால் கார் வேகமெடுக்குமா?

கேள்வி: 2025 ஜூலையில், பார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் ஓடும் ரெட் புல் அணி, 20 ஆண்டுகளாகத் தலைவராக இருந்த கிறிஸ்டியன் ஹார்னரை நீக்கியது. அதற்கு முன் அந்த ஆண்டு நடந்த 12 பந்தயங்களில் அணியின் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் வென்றவை 2. பின்னர் நடந்த 12இல் வென்றவை 6. தலைவரை மாற்றியது சரி என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்? தடுமாறும் மற்ற பார்முலா ஒன் அணிகளும் இப்படித் துணிந்தால் என்ன?

பதில்: உங்கள் எண்கள் சரி. ஆனால் 12 பந்தயங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். அவிழ்த்துப் பாருங்கள்: ஹார்னர் போய் லோரன் மெக்கியஸ் தலைவராக வந்தபின் நடந்த முதல் மூன்று பந்தயங்களில் வெர்ஸ்டாப்பன் ஒன்றையும் வெல்லவில்லை, ஹங்கேரியில் 9ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். வெற்றி செப்டம்பரில்தான், இத்தாலியின் மோன்ஸாவில், காரின் அடிப்பகுதியில் புதிய தளம் பொருத்தப்பட்டபோதுதான் வந்தது. அந்த வெற்றியில் தம் பங்கு ஏதுமில்லை என்று மெக்கியஸே சொன்னார். அது தன்னடக்கம் என்று வைத்துக்கொண்டாலும், பொறியாளரான அவர் வந்தபின் காரைப் பற்றிய பேச்சில் சரியான கேள்விகள் கேட்கப்படுகின்றன என்று வெர்ஸ்டாப்பன் பாராட்டியதை மறுக்க வேண்டியதில்லை. அந்தப் பெருமையை அவருக்குக் கொடுப்போம். ஆறு வெற்றிகளையும் அவர் கணக்கில் எழுதுவதோ, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

ஹார்னரை நீக்கியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவியும் அணியின் விளையாட்டு இயக்குநர் ஜொனதன் வீட்லியும் விலகியது அவர் காலத்தில்தான். 2023இல் அணிகளுக்கான பட்டத்தை வென்ற ரெட் புல் 2024இல் 3ஆம் இடத்துக்கு இறங்கியதும் அவர் காலத்தில்தான். நீக்கியதற்கு நிறுவனம் காரணம் எதையும் வெளியில் சொல்லவில்லை. நியாயம் இருந்திருக்கலாம், ஆனால் நீங்கள் காட்டும் சான்று அந்த நியாயத்துக்கானது அன்று.

துணிந்து மாற்றும் அணிகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். பெராரியைவிடத் துணிந்தவர்கள் யார்? ஜான் டாட் 1993இல் அங்கே பொறுப்பேற்றார்; அணிகளுக்கான பட்டம் 1999இலும், ஷூமாக்கர் வழியாக ஓட்டுநர் பட்டம் 2000இலும்தான் கிடைத்தன. அதாவது, முதல் பட்டத்துக்காக ஆறு ஆண்டுகள் அவரை விட்டுவைத்தார்கள். அவருக்குப்பின் 2008 முதல் 2023 தொடக்கம் வரை டொமெனிகாலி, மட்டியாச்சி, அரிவபெனே, பினோட்டோ, வாசர் என ஐந்து பேர் அந்த நாற்காலியில் வந்து அமர்ந்தார்கள். மட்டியாச்சிக்குக் கிடைத்தது ஏழே மாதம். அந்த அணி கடைசியாக வென்ற பட்டம் 2008இல், டொமெனிகாலியின் முதல் ஆண்டில் வந்தது. அந்தக் காரை உருவாக்கிய பட்டறை டாட் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனது என்பதை நினைவில் கொண்டால், பட்டத்தை எவர் பெயரில் எழுதுவது என்று யோசிக்கத்தான் வேண்டும்.

தலைவர் மாற்றம் பலித்த இடமும் உண்டு. 2022 டிசம்பரில் மெக்லாரன் ஆண்ட்ரியா ஸ்டெல்லாவைத் தலைவராக்கியது. 2023இன் முதல் இரண்டு பந்தயங்களில் அணிக்கு ஒரு புள்ளியும் இல்லை. அப்போது அவரையும் தூக்கியிருந்தால், 26 ஆண்டுகள் கழித்து 2024இல் அணிகளுக்கான பட்டம் வந்திருக்குமா? அவர் வெளியிலிருந்து இறக்கப்பட்டவர் அல்லர். 2015 முதல் அங்கேயே பணியாற்றியவர், எந்தப் பொறியாளரை எங்கே அமர்த்துவது என்று அறிந்தவர். தொழில்நுட்பத் துறையை ஒருவர் கையிலிருந்து எடுத்து மூவரிடம் பிரித்துக் கொடுத்தார். கார்மீது காற்று பாயும் விதத்தைச் சோதிக்க அவருக்குப் பயன்பட்ட காற்றுச் சுரங்கமோ முன்னவர் சைடல் காலத்தில் தொடங்கியது.

இன்னொரு காட்சி. வில்லியம்ஸ் அணிக்கு 2023இல் ஜேம்ஸ் வவுல்ஸ் தலைவராக வந்தபோது, ஏறத்தாழ 20,000 பாகங்கள் கொண்ட காரின் தயாரிப்பு விவரம் முழுவதும் ஒரு எக்ஸல் தாளில் இருந்தது. ஒரு பாகம் என்ன விலை, செய்து முடிக்க எத்தனை நாள், இப்போது பட்டறையில் எங்கே கிடக்கிறது என்பதை அந்தத் தாளில் தேடி எடுக்க முடியவில்லை. அதை மாற்றப் போனதில் 2024 காரே தாமதமாகித் தவித்தது. அந்த ஆண்டு அணிக்குக் கிடைத்தது 9ஆம் இடம். மறு ஆண்டு 5ஆம் இடம். உங்கள் அளவுகோலின்படி 2024 இறுதியில் வவுல்ஸை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

சரி, மெக்கியஸை எதை வைத்து எடைபோடுவது என்று கேட்பீர்கள். விதிகள் புதிதாகும் 2026இன் காரை வைத்து என்று சொல்லிவிடலாம்; ஆனால் அதில் இருக்கும் இயந்திரம், ரெட் புல் சொந்தமாக இயந்திரம் செய்வதென்று 2021இல் ஹார்னர் தொடங்கிய பட்டறையிலிருந்து வருவது.